மலைப்பாதைக் கணக்கில் நாமும் வரணும்



ஒரு மே மாதச் சனிக்கிழமை. குழுக் கூட்டத்துக்காக வத்தலக்குண்டில் இருந்து பெருமாள்மலைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஊத்து தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் கார், பின்னாலும் கார். பக்கத்தில் இருந்த அக்கா வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் சோளக்கதிர் விற்பவர். "வண்டி நிறைய வந்தாத்தான் எனக்கு யாவாரம். ஆனா வண்டி நிறைய வந்தா நானே கடைக்குப் போய்ச் சேர முடியலையே!" என்றார். நம் எல்லோருடைய கஷ்டமும் இந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

வண்டி எப்படிப் பெருகுகிறது? நமக்குத் தெரிந்த கூட்டு வட்டிக் கணக்குதான். சாலைத் திட்டம் போடும் பொறியாளர்கள், வருடத்துக்குக் குறைந்தது 5 சதவீதம் வண்டி கூடும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இன்று 100 வண்டி என்றால் 10 வருடத்தில் 163. 15 வருடத்தில் 200-ஐத் தாண்டிவிடும். வண்டி இரண்டு மடங்கு ஆகும். பாதை அப்படியேதான் இருக்கும்.

"ரோட்டை அகலப்படுத்தலாமே?" என்று கேட்பீர்கள். மலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். சரிவை வெட்டினால் மண்ணின் பிடிமானம் போய், மழைக்காலத்தில் சரிந்து விழும். அதனால் மலைக்கு வேறு வழிகளும் வேண்டும். வண்டி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது, அடிவாரத்தில் வண்டி நிறுத்தம், கூடுதல் பஸ், ஒதுங்கி நிற்க இடம் எல்லாம் சேர்ந்ததுதான் திட்டம்.

இதில் ஒன்று நம் கண் முன்னாலேயே நடந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் அளவு வைத்தது. அரசு பஸ்ஸுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் இந்த அளவு கிடையாது. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று ஆய்வு செய்யவும் உத்தரவிட்டது.

சாலைக் கணக்கெடுப்பில் கார் 1, ஸ்கூட்டர் அரை, பஸ்ஸும் லாரியும் 3 என்று எழுதுவார்கள். சகோதரிகளே, இதில் தலைச்சுமையோடு ஓரமாக நடக்கும் பெண் எங்கே? ஒரு பஸ்ஸில் 50 பேர் போகிறோம், ஒரு காரில் நாலு பேர் போகிறார்கள். அதையும் யாராவது எழுத வேண்டாமா? நாம் கணக்கில் வராவிட்டால், நாளைக்குத் திட்டம் வரும்போது நம் கடைக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு' என்று ஆகிவிடும். அப்புறம் அழுது பயனில்லை. முன்னாலேயே பேசணும்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, காலை முதல் மாலை வரை உங்கள் ஊர் நிறுத்தத்தில் வண்டிகளைக் கோடு போட்டு எண்ணுங்கள். வளைவில் நிற்காதீர்கள். பஸ் எத்தனை மணி தாமதம், எத்தனை பெண்கள் காத்திருந்தார்கள் என்றும் எழுதுங்கள்.

2. சாலையோரம் விற்கும் உறுப்பினர் பட்டியல் எடுங்கள்.

3. இவற்றைத் தீர்மானமாக கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். விற்க இடம், கழிப்பறை, நிழற்குடை, நேரத்துக்கு பஸ் என்று தெளிவாகக் கேளுங்கள்.

4. நகராட்சிக்குள் விற்பவர்களுக்கு 2014 ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடித்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சேமிப்புக் கணக்கை ஒரு ரூபாய் தவறாமல் எழுதுகிறவர்கள் நாம். வண்டிக் கணக்கும் நமக்கு முடியாததா என்ன?

குழுவில் பேச: நம் ஊருக்கு மேலும் வண்டி வந்தால் யாருக்கு லாபம், யாருக்குக் கஷ்டம்? இரண்டையும் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.