கல்லிலும் கண்ணாடியிலும் கிணற்று நீரிலும் புளோரின்

வவுனியாவை அடுத்த ஊர்களிலே சில பிள்ளைகளின் பற்களில், எத்தனை முறை துலக்கினும் நீங்காத மஞ்சள் கறையும் பழுப்புக் கறையும் காணப்படுவதுண்டு. சுத்தக் குறைவு அதற்குக் காரணமன்று. கிணற்று நீரிற் கரைந்துள்ள புளோரினே காரணம். கல்லில் அடங்கிக் கிடந்த பொருள் நீரில் இறங்கிய வகையை அறியக் கண்ணாடி நல்ல துணையாகும்.

கண்ணாடி பெரும்பாலும் மணலால் ஆனது. அதிலே ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஒட்சிசன் அணுக்கள் சூழ்ந்திருக்கும். ஓர் ஒட்சிசன் இரண்டு சிலிக்கன்களை இணைக்கும் பாலமாக நிற்கும். புளோரின் அயன் பருமனில் ஒட்சிசன் அயனை ஏறத்தாழ ஒத்தது. ஆதலின் அதன் இடத்திற் புகவல்லது. ஆனால் ஒட்சிசனுக்கு இரு கை, புளோரினுக்கோ ஒரு கை. ஓர் ஒட்சிசன் விலகி, இரண்டு புளோரின் வந்தமரின், பாலம் அறுந்து இரு முனைகளாகும். வலை தளரும், உருகிய கண்ணாடி பாகுத்தன்மை குறைந்து எளிதாக ஓடும். சுண்ணம் கலந்த கண்ணாடியிலோ புளோரின் சிலிக்கனை விட்டுக் கல்சியத்தையே பெரிதும் நாடும். ஆறும்பொழுது கல்சியம் புளோரைட்டு நுண்பளிங்குகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கும். பால்வண்ணக் கண்ணாடி பிறக்கும் ஒரு வழி இது.

வன்னிப் பெருநிலத்தின் தென்பாகத்திலே நிலத்தின்கீழ் இருப்பது மிகப் பழைய பளிங்குருப் பாறை. புவியியலாளர் அதனை வன்னித் தொகுதி என்றே வழங்குவர். அதிலுள்ள கருமைக்கா முதலிய சிலிக்கேற்றுக் கனியங்களில், ஐதரொட்சைட்டுக்கு உரிய இடத்தைப் புளோரின் பிடித்திருக்கும்; இங்கும் பருமன் ஒப்புமையே வாயில். மழைநீர் பாறை வெடிப்புகளில் ஊறிக் கனியங்களைச் சிதைக்க, அது நீரிற் சேர்கின்றது. ஈரவலயத்தில் பெருமழை அதனைக் கழுவிச் செல்லும். வன்னியிலோ மாரி சில மாதமே. நீர் நெடுங்காலம் கல்லோடு தங்கி, வெயிலில் வற்றிச் செறிகின்றது. கல்சியம் காபனேற்றாகப் படிந்துவிட்டால், புளோரினைப் பற்றி நிறுத்த எதுவும் எஞ்சுவதில்லை. உலர்வலயத்து இந்நிலையைப் பேராதனைப் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க 1991இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

நீரிற் கரையும் புளோரின், பிள்ளைகளின் உடலிலும் கல்சியத்தையே தேடுகின்றது. சிற்றளவாயின் பல்லை உறுதியாக்கும். மிகையாயின், பல் உருவாகும் பருவத்தில் மிளிரியைக் கெடுக்கும். பல்லாண்டு சேர்ந்தால் எலும்பையும் தாக்கும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெப்ப நாட்டார் மிகுதியாக நீர் பருகுவதால், இலங்கை நியமம் 1.0 மில்லிகிராம் என்கிறது.

நீரைக் கொதிக்கவைத்தல் இங்கே உதவாது. ஆவி போகப் புளோரின் எஞ்சிச் செறியும். வெடிப்புகள் வேறுபடுவதால் அயற் கிணறுகள் இரண்டின் நீரும் ஒன்றாயிராது. ஒவ்வொன்றையும் தனியே சோதித்தல் வேண்டும். சுட்ட செங்கற்றுண்டுகளினூடே நீரை மெல்ல வடித்தல் இலங்கையிற் கையாளப்பட்ட எளிய முறை. செங்கல்லிலுள்ள அலுமினியமும் இரும்பும் புளோரினைப் பற்றும். சில மாதங்களில் அக்கற்கள் நிறைவடைந்துவிடும். அப்போது அவற்றை மாற்றவேண்டும். குளிக்கும் நீரை வடிக்கவேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் நீருக்கு மட்டும் இது போதும்.