ஆம்ப் சத்தம் கம்முகிறதா? வால்வை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கிள்ளான் பக்கம் கல்யாண விருந்துகளில் வாசிக்கும் இசைக்குழுக்களுக்கு இது பழகிய சங்கடம். ஒத்திகையில் நன்றாக இருந்த கிட்டார், மூன்றாவது பாட்டுக்குள் அமுங்கிப் போகிறது. ஒலியளவைக் கூட்டினால் சத்தம் கூடவில்லை; கரகரப்புதான் கூடுகிறது. மேடையில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "வால்வு போச்சு" என்கிறார் யாரோ ஒருவர். மறுநாளே இணையத்தில் ஒரு செட் புது வால்வு ஆர்டர் ஆகிவிடுகிறது.

பல நேரங்களில் போனது வால்வே அல்ல. நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவான பிறகுதான் அது தெரிய வருகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: அவசரத்தில் ஆம்பின் உட்பெட்டியைத் திறந்து கையை விடுவது.

'வால்வு' என்ற சொல் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. போட்டவுடன் பாடாமல், உள்ளே சிவப்பு வெளிச்சம் ஏறிய பிறகே குரல் கொடுத்த வால்வு ரேடியோவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1904இல் இங்கிலாந்தின் ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங் செய்த கண்ணாடிக் குமிழ், தண்ணீர்க் குழாயின் வால்வைப் போல மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டுமே விட்டது. அதனால்தான் அந்தப் பெயர். அமெரிக்கர்கள் 'ட்யூப்' என்றார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மலாயாவுக்கு 'வால்வு' வந்து சேர்ந்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்து ரேடியோவில் இருந்து அதை வெளியேற்றியது. கிட்டார்காரர்கள் மட்டும் விடவில்லை. அழுத்தி மீட்டும்போது வால்வு ஆம்ப் காட்டும் அந்த மெல்லிய உடைசல் ஒலிதான் காரணம்.

இந்த வட்டாரத்தில் அந்த மோகம் பழையது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டுடன் சிங்கப்பூர் வந்து வாசித்த 'தி ஷேடோஸ்' குழு மேடையேற்றியது வோக்ஸ் வால்வு ஆம்ப்களை. அதன் பின் இரு நாட்டிலும் கிட்டார் குழுக்கள் புற்றீசல்போலக் கிளம்பின. பினாங்கில் இருந்து வந்து மலாய்ப் பாடல்களால் நாட்டையே பாட வைத்த டேவிட் ஆறுமுகம், மறைந்த லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு அடுத்த அலையில் வந்தது.

சரி, சத்தம் கம்மினால் முதலில் எதைப் பார்ப்பது? வால்வை அல்ல, வயரை. கிட்டார் கேபிளை மாற்ற வேண்டும். பெடல்களை எல்லாம் விலக்கி, கிட்டாரை நேராக ஆம்பில் சொருக வேண்டும். வேறு கிட்டார் இருந்தால் அதையும் பார்க்கலாம். பின்புறம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு துளைகள் உள்ள ஆம்ப் என்றால், இரண்டையும் ஒரு சிறு கேபிளால் இணைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் திரும்பி வந்துவிட்டால் குற்றவாளி அந்தத் துளைக்குள் படிந்த பச்சைக் களிம்புதான். நம் ஊர் ஈரக்காற்றில் இது அடிக்கடி நடக்கும். காண்டாக்ட் கிளீனர் ஒரு குப்பியோடு முடிகிற வேலை.

வால்வின் கால்களிலும் அதே களிம்பு படியும். ஆம்பை அணைத்து, பிளக்கை உருவி, ஆறவிட்டு, கால்களில் கிளீனர் பூசி, வால்வை இரண்டு மூன்று முறை சொருகி எடுத்தாலே பல கரகரப்புகள் அடங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே மீண்டும் போட வேண்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் வால்வின் பக்கம் திரும்பலாம். ஓர் ஆம்பில் இரண்டு வகை வால்வுகள் இருக்கும். சிறியவை, பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெயர் இசிசி83. கிட்டாரில் இருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை முதலில் வாங்கிப் பெரிதாக்குவது இவை. அடுத்தவை பவர் வால்வுகள்: இஎல்84, இஎல்34, 6எல்6, 6வி6 போன்றவை. ஸ்பீக்கரை அதிர வைக்கும் உழைப்பு இவற்றுடையது. உழைப்பாளி சீக்கிரம் தேய்வார். வாரந்தோறும் மேடை ஏறும் ஆம்பில் பவர் வால்வு ஓரிரு ஆண்டில் களைத்துவிடும். சிறிய வால்வு பல ஆண்டுகள் தாங்கும். வீட்டில் மட்டும் வாசிப்பவர் இதற்காகக் கவலைப்பட்டுக் காலண்டரைப் பார்க்கத் தேவையில்லை.

சிறிய வால்வு கெட்டால் சீறல், வெடிப்புச் சத்தம், தானாக எழும் 'ஙொய்ங்' என்ற ரீங்காரம் வரும். ரீங்காரத்துக்குக் காரணம், உள்ளே இருக்கும் நுண்ணிய கம்பிகள் தளர்ந்து அதிர்வது. ஞாயிறு தேவாலயம், அடுத்த நாள் கோயில் திருவிழா மேடை என்று வேனில் ஏறி இறங்கும் ஆம்புக்கு இது சீக்கிரமே வரும். ஆம்பைப் போட்டு, ஒலியளவை நடுவில் வைத்து, சீனர் கடையில் தரும் மரச் சாப்ஸ்டிக்கால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டினால் போதும். எல்லா வால்வும் கொஞ்சம் 'டொக்' என்னும். மணியடித்ததுபோல நீளமாக ஒலிப்பதுதான் சந்தேகத்துக்குரியது. தட்டுவது மரமாகவே இருக்க வேண்டும். பேனா, ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

உறுதி செய்ய ஒரே ஒரு நல்ல 12ஏஎக்ஸ்7 கையில் இருந்தால் போதும். கிட்டார் சொருகும் துளைக்கு அருகில் உள்ள வால்வில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் போட்டதும் குறை மறைகிறதோ, அங்கிருந்து எடுத்ததுதான் கெட்டது. மற்றவற்றை அதனதன் இடத்திலேயே திரும்பப் போட்டுவிடலாம். ஒன்று கெட்டால் ஐந்தையும் மாற்றுவது வீண் செலவு.

பவர் வால்வைக் கண்ணால் பார்த்தே கொஞ்சம் கணிக்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் ஆரஞ்சு நிற இழை வெளிச்சம் இயல்பு. கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டியதுபோலத் தெரியும் நீல ஒளியும் இயல்புதான். அதைப் பார்த்துப் பயந்து நல்ல வால்வை எறிந்தவர்கள் உண்டு. தகடுகளுக்கு இடையே ஊதா அல்லது இளஞ்சிவப்புப் புகைபோலத் தெரிந்தால் உள்ளே வாயு கசிந்திருக்கிறது. உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தால் காற்றே புகுந்துவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை.

எல்லாவற்றையும்விட அவசரமானது, உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே செந்தணலாகச் சிவப்பது. பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நொடியே சுவிட்சை அணைக்க வேண்டும். வால்வுக்குள் ஓடும் மின்னோட்டம் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். விட்டால் வால்வோடு நிற்காது, வால்வைவிடப் பல மடங்கு விலையுள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். வால்வு கெட்டாலும் இப்படி ஆகும், சர்க்யூட் கெட்டாலும் ஆகும். அதனால் புது வால்வைப் போட்டுப் பார்ப்போம் என்று இறங்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதே சிக்கனம். ஃபியூஸ் போனாலும் அப்படியே. அதே அளவு ஃபியூஸ் ஒருமுறை போட்டு, அதுவும் போனால் நிறுத்திக்கொள்ள வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடும் பழைய வித்தை ஆம்புக்குக் கொள்ளி வைப்பதற்குச் சமம்.

தொடர்ந்து 'ம்ம்ம்' என்ற இரைச்சல் என்றால் வால்வை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பதினைந்து, இருபது வயதான ஆம்பில் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். நம் வெப்பம் அதை விரைவுபடுத்தும். இரைச்சலை நிறுத்த மூன்று கால் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. 1972இல் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார்.

மலேசியாவுக்கே உரிய இன்னொரு விஷயம் மின்னழுத்தம். 2008 முதல் அதிகாரபூர்வ அளவு 230 வோல்ட். ஆனால் 10 விழுக்காடு கூடலாம், அதாவது 253 வரை போகலாம். பழைய 240 வோல்ட் பல வீடுகளில் இன்றும் வருகிறது. வெளிநாட்டில் 220 வோல்ட்டுக்குச் செய்த ஆம்பை 240இல் சொருகினால், 6.3 வோல்ட் வேண்டிய வால்வு இழைக்கு ஏறத்தாழ 6.9 போய்ச் சேரும். அனுமதித்த எல்லையின் விளிம்பு அது. புது வால்வு மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால் ஆம்பின் பின்பக்கம் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க 120 வோல்ட் ஆம்பை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் மாதக்கணக்கு இல்லை, சில நொடிதான்.

மாற்றும் வேலை எளிது. பெரும்பாலான ஆம்ப்களில் பின் பலகையைக் கழற்றினாலே வால்வு கைக்கு எட்டும். பிளக்கை உருவி, அரைமணி நேரமாவது ஆறவிட்டு, வால்வின் அடிப்பக்கத்தைப் பிடித்து லேசாக அசைத்தபடி நேராக மேலே இழுக்க வேண்டும். சொருகும்போது சிறிய வால்வில் கால் இல்லாத இடைவெளியையும், பெரிய வால்வில் நடுத்தண்டின் மேட்டையும் சாக்கெட்டோடு பொருத்த வேண்டும். இஎல்84க்கும் 12ஏஎக்ஸ்7க்கும் ஒரே ஒன்பது கால்; மாற்றிச் சொருகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பைப் போடவே கூடாது.

ஆனால் உலோக உட்பெட்டியைத் திறக்கும் வேலை வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்கள் 300 முதல் 500 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கக்கூடும். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம் அதுவல்ல.

பவர் வால்வில் 'பயாஸ்' என்ற ஒரு சரிசெய்தல் உண்டு. வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வால்வு எவ்வளவு மின்னோட்டம் இழுக்கலாம் என்பதை அது முடிவு செய்கிறது. உதாரணமாக, இஎல்34இன் தகடு தாங்குவது 25 வாட். அதில் 70 விழுக்காடு 17.5 வாட். தகட்டில் 450 வோல்ட் இருந்தால், ஒரு வால்வுக்குச் சுமார் 39 மில்லிஆம்பியர். இதைத் தாண்டி வைத்தால் வால்வு சீக்கிரம் போகும்; மிகக் குறைத்தால் ஒலி உயிரற்று இருக்கும். வோக்ஸ் ஏசி30 போன்ற, தானே சரிசெய்துகொள்ளும் ஆம்ப்களுக்கு இந்த வேலை இல்லை. மற்றவற்றுக்கு அளவுக் கருவியோடு பழுதுபார்ப்பவர் தேவை.

வாங்கும்போது பவர் வால்வுகளை ஒரே அளவில் தேர்ந்த ஜோடியாக வாங்க வேண்டும். இன்று உலகில் வால்வு செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகியவையே முக்கியமானவை. 2022இல் உக்ரேன் போரையொட்டி ரஷ்யா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது கிட்டார் உலகமே பதறியது. 'பழைய முல்லார்ட்' என்று மலிவாக வருவது, புது வால்வின்மேல் பழைய பெயரை அச்சடித்ததாக இருக்கலாம். புடு ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிபாகக் கடைகள் வரிசையாக உள்ளன. ஃபியூஸ், காண்டாக்ட் கிளீனர் போன்றவற்றுக்கு அங்கே ஒரு நடை போய் வந்தாலே போதும்.

புது வால்வு போட்டதும் இருட்டில் இருபது நிமிடமாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தகடு சிவக்கவில்லை என்றால் வாசிக்கலாம். மாற்றிய தேதியை ஒட்டுத்தாளில் எழுதிப் பின் பலகையின் உட்பக்கம் ஒட்டி வைத்து, இன்னும் வேலை செய்யும் பழைய வால்வைச் செய்தித்தாளில் சுற்றி கேபிள் பைக்குள் போட்டுக்கொண்டால், அடுத்த கல்யாண மேடையில் மாற்று வால்வு கையோடு இருக்கும்.