ஓட்டில் ஊறிய பால்

குஜராத்தில் கிடைத்த 4,500 ஆண்டுப் பழைய பானை ஓடுகளில் பாலின் தடயம் இருந்ததாகப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “காலையில் கறந்த பால் மாலைக்குள் திரிந்துபோகிறது. அத்தனை ஆண்டு அது எப்படி மிஞ்சும்? மிஞ்சியது பால்தான், ஆட்டுக்கறியின் கொழுப்பு இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்?”

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். பால் மிஞ்சவில்லை. அதன் சர்க்கரையும் புரதமும் எப்போதோ போய்விட்டன. மிஞ்சியது, மெருகேற்றாத மண்பானையின் நுண்துளைகளுக்குள் ஊறிய கொழுப்பு மட்டும். மீன் குழம்பு வைத்த மண்சட்டியில் யாரும் பால் காய்ச்சுவதில்லையே, அதே காரணம்தான். துளைக்குள் புகுந்த கொழுப்பை நீர் கரைக்காது. கிருமிகளுக்கும் அது எளிதில் எட்டாது.

இரண்டாவது கேள்விதான் அருமையான கேள்வி. ஓட்டின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, உள்ளிருந்து சில கிராம் எடுத்துப் பொடித்து, கரைப்பானில் இட்டுக் கொழுப்பைப் பிரிக்கிறார்கள். பாலுக்கே உரிய சிறு கொழுப்பு அமிலங்கள் அதில் அநேகமாக இருப்பதில்லை. அவை மண்ணில் முதலில் அழிபவை. பெரும்பாலும் மிஞ்சுவது இரண்டு: 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம், 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம். இந்த இரண்டும் பாலில் உண்டு, ஆட்டுக் கொழுப்பில் உண்டு, பன்றிக் கொழுப்பிலும் உண்டு. பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த அமிலங்களில் உள்ள கார்பன் எந்த வழியாக வந்தது என்பதை வைத்துச் சொல்லலாம்.

பசுவின் மடி 16 கார்பன் அமிலத்தில் கணிசமான பகுதியைத் தானே கட்டுகிறது. அதற்கு மூலப்பொருள், தீவனத்தின் நாரும் மாவும் இரைப்பையில் நொதித்து உண்டாகும் அசிட்டேட். ஆனால் 16-ஐ 18-ஆக நீட்டும் வேலை மடியில் நடப்பதே இல்லை. எனவே 18 கார்பன் அமிலம் முழுவதையும் அது ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ரத்தத்துக்கு வருவதில் பெரும்பங்கு புல்லிலேயே இருந்த எண்ணெய்ச் சத்து. இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அதில் ஹைட்ரஜனை ஏற்றி ஸ்டியரிக் அமிலமாக்கி அனுப்புகின்றன. உடம்புக் கொழுப்பின் கதை வேறு. அங்கே இரண்டு அமிலங்களும் பெரும்பாலும் அசிட்டேட்டிலிருந்தே கட்டப்படுகின்றன. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: செடி தன் கொழுப்பைச் செய்யும்போது கனமான கார்பன்-13 அணுக்களைக் கொஞ்சம் கழித்துவிடுகிறது. ஆகவே புல்லின் எண்ணெயில், அதே புல்லின் நாரில் இருப்பதைவிட கார்பன்-13 குறைவு.

மடியை ஒரு வீட்டு அடுக்களை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு அங்கேயே வடிக்கிறார்கள். அப்பளம் மட்டும் கடையில் வாங்குகிறார்கள். கடைக்காரர் மாவு பிசையும் கிணற்று நீரில், வீட்டுக் கிணற்றைவிட உப்பு எப்போதும் ஒரு பிடி குறைவு. பக்கத்து வீட்டில் சோறு, அப்பளம் இரண்டும் வீட்டுக் கிணற்று நீரில்தான். இப்போது உங்கள் கண்ணைக் கட்டி இரண்டு தட்டுகளை வைத்தால், எவ்வளவு உப்பு என்று பார்க்காதீர்கள்; சோற்றுக்கும் அப்பளத்துக்கும் உப்பில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். கரிசல் ஊரானால் இரண்டு கிணறும் கரிக்கும், ஆற்றோர ஊரானால் இரண்டும் இனிக்கும். வித்தியாசம் மட்டும் அப்படியே நிற்கும். ஊர் என்றது தீவனத்தை. வைக்கோல் தின்ற மாட்டிலும் கம்பந்தட்டை தின்ற மாட்டிலும் கார்பன்-13 அளவு பெரிதும் மாறும். ஆனால் 18-இன் அளவிலிருந்து 16-இன் அளவைக் கழித்தால் தீவனம் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. 16-ஐவிட 18-இல் கார்பன்-13 ஆயிரத்துக்குச் சுமார் 3 பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அது பால். ஒரே ஒரு கழித்தல் கணக்கு, ஒரு விலங்கின் மடியையும் சதையையும் பல்லாயிரம் ஆண்டுக்குப் பிறகு பிரித்துக் காட்டுகிறது. உயிர்வேதியியலில் இதைவிட அழகான ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை.

வரலாறும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட், ஸ்டெபனி டட் இருவரும் இதை 1998-இல் வெளியிட்டனர். போலந்தில் கிடைத்த ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழைய துளையிட்ட ஓடுகள் பாலாடைக்கட்டி வடிக்கும் சல்லடைகளாக இருக்கலாம் என்று 1980-களிலேயே பீட்டர் போகுக்கி ஊகித்திருந்தார். அந்த ஓடுகளில் பால் கொழுப்பு இருப்பதை 2012-இல் இதே முறை காட்டியது.

வாசகர் படித்தது கட்ச் பகுதியின் கொட்டாடா பட்லி என்னும் ஹரப்பா காலச் சிற்றூரைப் பற்றி. அங்கிருந்து 59 ஓடுகளைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் சிலவற்றில் பால் இருந்தது. யாருடைய பால்? அதைக் கொழுப்பு தனியாகச் சொல்லாது. பசு, எருமை, ஆடு எல்லாம் அசைபோடும் விலங்குகள்தாம். அவற்றின் மடிகள் ஒரே மாதிரி வேலை செய்கின்றன. அங்கே மாடும் எருமையும் சிறுதானியப் பயிரைத் தின்றன, ஆடுகள் வேறு தழைகளை மேய்ந்தன என்று விலங்கு எச்சங்களைத் தனியே ஆராய்ந்து கண்ட பிறகுதான், பால் மாட்டினுடையதும் எருமையினுடையதும் என்று சொல்ல முடிந்தது. பானையும் விலங்கு எச்சமும் சேர்ந்து பேசிய இடம் அது.

அதே சமயத்தில் வடமேற்கு இந்தியாவின் ராகிகடி, ஆலம்கிர்பூர் உள்ளிட்ட ஊர்களின் 172 ஓடுகள் பற்றி வந்த ஆய்வுக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. ‘ஹரப்பா மக்கள் மாட்டிறைச்சி தின்றார்கள்’ என்று தலைப்புகள் பறந்தன. மறுப்புகளும் அதே வேகத்தில் பறந்தன. அந்த ஊர்களில் மாட்டு, எருமை எலும்புகள் ஏராளம். இறைச்சி உண்டதை எலும்புகளே முன்பே காட்டிவிட்டன. ஆனால் ஓட்டுக் கொழுப்பை மட்டும் வைத்து அது மாடா ஆடா என்று ஒருவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டிய புதிர் வேறு. ஓடுகளில் அதிகம் தெரிந்தது பன்றி போன்ற, அசைபோடாத விலங்குகளின் கொழுப்பு. எலும்புக் குவியலிலோ பன்றி மிகக் குறைவு. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

பொருந்தாமல் போக ஒரு நல்ல காரணம் உண்டு. ஒரு பானையில் ஒரே உணவைச் சமைப்பவர் யார்? ஒரு நாள் கறி, ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் எண்ணெய். ஒரு ஊரின் சோற்றையும் வேறு ஊரின் அப்பளத்தையும் ஒரே தட்டில் வைத்தால் உப்புக் கணக்கு பொய்த்துவிடும் அல்லவா? கம்பும் சோளமும் தின்ற பன்றியின் கொழுப்பும், நிழல் தழை மேய்ந்த ஆட்டின் கொழுப்பும் ஒரே சட்டியில் ஊறினால், யாரும் பால் ஊற்றாமலே பாலின் வித்தியாசம் தோன்றக்கூடும். அதேபோல் வேறொரு கலவை, பன்றியே இல்லாமல் பன்றிக் கொழுப்பின் சாயலைக் காட்டவும் கூடும். குளிர்நாட்டில், ஏறக்குறைய ஒரே வகைச் செடிகள் வளரும் மண்ணில் பிறந்த கணக்கு இது. கோதுமையும் கம்பும் அருகருகே விளையும் நம் நிலத்தில் இதை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். வெயிலில் காய்ந்து மழையில் நனையும் மண்ணில் கொழுப்பும் மிகக் குறைவாகவே மிஞ்சுகிறது.

குறைவாக மிஞ்சுவதால்தான் அகழ்வுக் குழியில் நடப்பது முக்கியமாகிறது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் ஓடுகள் குவியல் குவியலாக வெளிவந்திருக்கின்றன. ஓடுகளைக் கழுவி, உலர்த்தி, மையால் எண் எழுதிப் பிளாஸ்டிக் பையில் போடுவது அகழ்வுகளில் நெடுநாள் வழக்கம். வடிவத்தையும் எழுத்தையும் ஆராய அது போதும். கொழுப்பாய்வுக்கு அது கேடு. தொட்ட விரலின் எண்ணெய் ஓட்டில் ஏறிவிடும். பிளாஸ்டிக்கை நெகிழவைக்கும் பொருள்கள் கசியும். ஒவ்வொரு குழியிலும் சில சமையல் பானை ஓடுகளையாவது, கொதி ஏறும் வாய்ப்பகுதியை முக்கியமாக, கழுவாமல், வெறும் கை படாமல் அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துவைக்க வேண்டும். கூடவே ஓட்டை ஒட்டியிருந்த மண்ணிலும் ஒரு பிடி வேண்டும். அதைத் தனியே சோதிக்காமல், ஓட்டில் கண்ட கொழுப்பு பானையில் சமைத்ததா, மண்ணிலிருந்து ஏறியதா என்று பிரிக்க முடியாது.