ஸ்டியரிங்கில் ஆட்டமா? ஸ்குருவைத் தொடாதீர்கள்!

தம்பி பேரில் லோன், நம் பேரில் ஜாமீன், மனைவியின் ரெட்டை வடச் சங்கிலி முன்பணம். இப்படித்தான் பல ஆபீஸ்காரர்கள் வீட்டு வாசலில் ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்-அப் வந்து நிற்கிறது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ரோட்டுக்கு எடுத்து வந்தால்... ஸ்டியரிங்கை ஒடித்த பிறகு, 'என்னையா கூப்பிட்டீங்க?' என்று நிதானமாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டி திரும்புகிறது!

இதற்கு ஒர்க்‌ஷாப் பாஷையில் 'ஆட்டம்' என்று பெயர். 'ப்ளே' என்றும் சொல்வார்கள். விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு கேரட் மூட்டையோடு ஒரு பிக்-அப் இறங்குகிறது. வளைவில் எதிரே பஸ். ஸ்டியரிங் திரும்பிவிட்டது, டயர் திரும்ப அரை விநாடி லேட். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம்தான் என்றாலும் அந்த அரை விநாடியில் வண்டி 4 மீட்டர் போயிருக்கும். மலைப் பாதையில் 4 மீட்டருக்கு அப்பால் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறோம்.

"அண்ணா, வண்டி நேரா போக மாட்டேங்குதுங்க."

"பாக்ஸ்ல ஸ்குரு லூசாயிருக்கும் தம்பி. டைட் வெச்சுட்டாப் போதும். ஒரு டீ சாப்ட்டுட்டு வாங்க."

டீ குடித்துவிட்டு வந்தால், அடடா, ஸ்டியரிங் கிண்ணென்று இருக்கிறது! இங்கேதான் வம்பு. டிரையல் பாலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோமே, அதே வேலைதான் இதுவும். தப்பு எங்கே என்று யாரும் தேடவில்லை.

ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள், வண்டி நேராக ஓடும்போது எங்கே உரசுகின்றனவோ, அந்த நடு இடத்தில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போக வேண்டும் என்று ஸ்குருவை முறுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் இறுகிக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. தொளதொளவென்று இருந்த வண்டி இப்போது பிடிவாதக்கார வண்டி. எது மோசம் என்று கேட்டால், நான் பிடிவாதத்தைத்தான் சொல்வேன். ஸ்குருவுக்கும் ஒரு நேரம் உண்டு, ஆனால் அது கடைசியில்.

முதலில் ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள். வண்டியைச் சமதளத்தில், டயர் நேராக இருக்க நிறுத்துங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓட விடுங்கள். சாக்பீஸால் ஸ்டியரிங் விளிம்பில் ஒரு கோடு. டயர் அசையாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு எவ்வளவு நகர்கிறது? 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் கூடாது என்கிறது. கடிகாரத்தில் 12-லிருந்து 1 வரை உள்ள தூரம். 16 அங்குல ஸ்டியரிங்கில் விளிம்பு சுமார் நாலு அங்குலம் நகரும். இது சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் எல்லை. அவ்வளவு ஆடுகிற வண்டியில் நான் ஏற மாட்டேன்.

அடுத்ததற்கு ஒரு ஆள் வேண்டும், தம்பியைக் கூப்பிடுங்கள். டயர் தரையிலேயே இருக்கட்டும், ஜாக்கி வேண்டாம். அவன் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் முன்பக்கம் குனிந்து, மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஸ்டியரிங் கம்பியின் ஜாயிண்ட் 'டக் டக்' என்கிறதா? பாக்ஸே சேசிஸோடு ஒட்டாமல் அசைகிறதா? அப்படியானால் போல்ட் லூஸ், செலவு ஒரு ஸ்பேனர் மட்டும்! கம்பி திரும்பியும் பாக்ஸுக்கு வெளியே உள்ள டிராப் ஆர்ம் சும்மா இருந்தால், குற்றவாளி பாக்ஸ். டிராப் ஆர்ம் அசைந்தும் டயர் அசையவில்லையா? ராடுகளின் முனையில் இருக்கும் பால் ஜாயிண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் பொத்திப் பிடியுங்கள். தேய்ந்த ஜாயிண்ட் உள்ளங்கையில் துடிக்கும். ரப்பர் மூடி கிழிந்து, மண்ணும் தண்ணீரும் உள்ளே போனதுதான் பெரும்பாலும் காரணம்.

இப்போது ஜாக்கி. (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள்.) தூக்கிய டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் வீல் பேரிங், இல்லையென்றால் கிங் பின். எது என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பல பிக்-அப்களில் கிங் பின் கிரீஸ் இல்லாமல்தான் சாகிறது.

இன்னொன்று. பின்னால் அளவுக்கு மீறி மூட்டை அடுக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் சரியாகாது, லோடைக் குறைக்க வேண்டும்.

பால் ஜாயிண்ட் மாற்றுகிறார்கள் என்றால் பக்கத்தில் நில்லுங்கள். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணச் சொல்லுங்கள், புதியது அதே அளவுக்கு ஏற வேண்டும். பிறகு வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும், இல்லையேல் டயர் ஒரு பக்கமாகத் தின்றுவிடும். நட்டில் மாட்டும் ஸ்ப்ளிட் பின் புதிதாக இருக்கட்டும். "பழசே நல்லா இருக்குங்க, நிமித்தி மாட்டிக்கலாம்" என்பார்கள். விடாதீர்கள். சில்லறைக் காசுச் சாமான், ஆனால் அந்த நட்டு கழன்று விழாமல் காப்பது அதுதான்.

கழற்றிய பழைய ஜாயிண்டை மறக்காமல் கேட்டு வாங்கி, கையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். தஞ்சாவூர் பொம்மை மாதிரித் தலையாட்டினால் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். விறைப்பாக நின்றால், தம்பியை மறுபடி ஸ்டியரிங்கில் உட்காரச் சொல்லுங்கள்.