கத்திரி நிமிர்கிறது, கன்று ஏன் துவள்கிறது?

‘வாடிய கத்திரிச் செடிக்குத் தண்ணீர் கட்டினால் பொழுது சாய்வதற்குள் நிமிர்ந்துவிடுகிறது. பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் கிடந்த கன்றுக்குட்டியோ, தொட்டியில் வயிறுமுட்டக் குடித்த பிறகு சிவப்பாகச் சிறுநீர் விட்டுத் தள்ளாடுகிறது. இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தானே?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தண்ணீர் ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ளும் செல்தான் வேறு.

செடியோ, மாடோ, செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. செடியின் செல்லுக்கு அந்தச் சவ்வுக்கும் வெளியே, செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளால் ஆன கெட்டியான சுவர் இருக்கிறது. 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது இந்தச் சுவர்களைத்தான். (வைக்கோல் நமக்குச் செரிக்காமல் மாட்டுக்குச் செரிப்பதும் இந்தச் சுவர் விவகாரம்தான். அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.) செல்லின் நடுவே பெரிய நீர்ப்பை ஒன்று. பாடப்புத்தகத்தில் நுண்குமிழ் என்பார்கள். வேர் தண்ணீரை இழுத்ததும் இந்தப் பை உப்பிச் சுவரை அழுத்தும். டியூப் உப்பும்போது டயர் பிடித்துக்கொள்வதைப் போல, சுவர் தாங்கிக்கொள்ளும். அந்த விறைப்பில்தான் செடி நிமிர்கிறது.

கன்றின் செல், டயர் இல்லாத டியூப். ஒரேயடியாகக் குடித்த தண்ணீரால் ரத்தம் நீர்த்துப்போகும். உப்பு அதிகமுள்ள இடத்தை நோக்கித் தண்ணீர் நகரும் என்பதால், சிவப்பணுக்களுக்குள் அது புகுந்து உப்பவைக்கும். தடுக்கச் சுவர் இல்லை, வெடிக்கும். அந்தச் சிவப்புதான் சிறுநீரில் இறங்குகிறது. மூளைச் செல்களும் வீங்குவதால் தள்ளாட்டம், வலிப்பு வரும், உயிரே போகலாம். மருத்துவர் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பதும் இதற்காகத்தான்.

தாகத்தோடு நிற்கும் கன்றை நேராகத் தொட்டிக்கு அவிழ்த்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் காட்டுங்கள். சிறுநீர் சிவந்துவிட்டால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். உண்ணி பரப்பும் பபேசியா நோயிலும் சிறுநீர் இப்படித்தான் இருக்கும். நாமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. கன்று எவ்வளவு நேரம் தண்ணீரில்லாமல் இருந்தது, எப்போது குடித்தது என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

செடிக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வேரடியில் ரசாயன உரத்தை அள்ளி வைத்தால், உப்பேறிய மண்நீர் வேர்ச் செல்லில் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். சுவர் நிற்கும், உள்ளே சவ்வு சுருங்கிவிடும். உரம் வைத்த மறுநாள், மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடினால் இதைச் சந்தேகியுங்கள். தாமதிக்காமல் நல்ல தண்ணீர் கட்டி உரத்தைக் கரைத்து இறக்கினால் பிழைக்க வாய்ப்பு உண்டு.