மாதம் 2,800 ரிங்கிட் வேலை: கையில் நிற்பது எவ்வளவு?

லெம்பா பெர்த்தாமிலும் ரிங்லெட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் வெளியூர் வேலை பற்றிய செய்தி பெரும்பாலும் வாய்வழியாகத்தான் வருகிறது. ஏற்கெனவே மலையிறங்கிப் போன மச்சானோ சித்தப்பா மகனோ போன் செய்வார். "ஈப்போவில் கிடங்கு வேலை, 12 மணி நேரம், ஞாயிறு லீவு, மாதம் 2,800" என்பார். தோட்டத்தில் 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு இது சின்னத் தொகை அல்ல. வீட்டில் அன்று இரவே பேச்சு தொடங்கிவிடும்.

அந்தப் பேச்சில் முதலில் கேட்க வேண்டியது, 2,800-இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு என்பதுதான்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அது ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்தது. மணிக் கணக்கில் 8.72 ரிங்கிட். 1955 வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு தர வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த உரிமை உண்டு.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 12 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குப் போனால் வேலை 11 மணி. ஆறு நாளைக்கு 66. அதில் 45 போக, வாரம் 21 மணி ஓவர்டைம். மாதச் சராசரி 91 மணி. மணிக்கு 13.08 ரிங்கிட் என்றால் 1,190 ரிங்கிட். அடிப்படைச் சம்பளம் 1,700-ஐக் கூட்டினால் 2,890 ஆகிறது. ஆகப் பெரிய சம்பளமாகத் தெரிந்த 2,800, சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்துக்கும் 90 ரிங்கிட் கீழே நிற்கிறது. அங்கே யாரும் கூடுதலாகத் தரவில்லை. கூடுதலாக வேலை வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஞாயிறும் வரச் சொன்னால் கணக்கு இன்னும் மாறும். மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம் கூடுதலாகவும், வழக்கமான நேரத்தைத் தாண்டிய மணிகளுக்கு இரட்டிப்பாகவும் தர வேண்டும். ஓவர்டைமுக்கு மாதம் 104 மணி என்ற உச்சவரம்பும் இருக்கிறது.

அடுத்தது செலவு. தோட்டத்தில் இருப்பவருக்கு வீட்டு வாடகை என்ற நினைப்பே வந்திருக்காது. ஈப்போவில் அறை வாடகை 350, வெளிச்சாப்பாட்டால் ஏறும் செலவு 300, மாதம் இரண்டு முறை மலையேறி வீட்டுக்கு வந்து போக 150 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 800. கூடுதலாக வரும் 1,100-இல் 300 ரிங்கிட்தான் மிச்சம். 91 மணி நேரக் கூடுதல் உழைப்புக்கு மணிக்கு மூன்று ரிங்கிட் சொச்சம்! தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பு என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால்தான் "தங்க இடம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சை அப்படியே விட்டுவிடக் கூடாது. யார் செலவில், எத்தனை பேருக்கு ஓர் அறை என்பதைக் கேட்க வேண்டும்.

சேமநிதிக் கணக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் சந்தா கிடையாது. அடிப்படை 1,700 என்றால் தொழிலாளியின் 187, முதலாளியின் 221, ஆக மாதம் 408 ரிங்கிட்தான் சேரும். தோட்டத்திலும் அதே 408தான். அடிப்படைச் சம்பளமே 2,800 என்றிருந்தால் 672 சேர்ந்திருக்கும்.

ஓவர்டைம் என்றைக்கும் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அப்போது ஈப்போ வாடகையோடு 1,700-இல் காலம் தள்ள வேண்டும். ஓவர்டைம் சேர்ந்த சம்பளச் சீட்டைக் காட்டி கார் லோன் எடுத்தவர்களின் பாடு அப்போது தெரியும். தோட்டத்தில் கொழுந்து எடைக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கோ, முழு மாதம் வேலைக்கு வந்திருந்தால் கொழுந்து குறைந்த மாதத்திலும் 1,700-க்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி வீடுதான். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. கணவன், மனைவி இருவரும் செக்ரோலில் இருந்தால், ஒருவர் வேலையை விட்ட பின்னும் குடும்பம் அதே வீட்டில் இருக்க நிர்வாகம் விடுமா? இல்லையென்றால் எத்தனை நாள் அவகாசம்? வேலை விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஆபீசில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வயதான பெற்றோரும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு இந்தப் பதில் ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

பழைய வேலையில் சேர்ந்திருக்கும் உரிமைகளும் கூடவே போகும். ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆண்டு விடுப்பு 16 நாள், மருத்துவ விடுப்பு 22 நாள். புதிய இடத்தில் அது 8, 14 என்று முதலிலிருந்து தொடங்கும்.

இதனால் மலையை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்றாகாது. திருமணமாகாத இளைஞர், அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் பயிற்சியும் சான்றிதழும் கிடைக்கும் என்றால், மாதம் 300 மிச்சமானாலும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வரலாம். அடுத்த வேலையில் அந்தச் சான்றிதழ் பேசும். பெட்டி தூக்குவது மட்டும்தான் வேலை என்றால், 40 வயதில் இடுப்பு வலிதான் பேசும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், தங்குமிடம் நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். மலாய் மொழியில் புரியாத இடம் இருந்தால், படித்த பிள்ளைகளிடம் காட்டலாம்; தொழிலாளர் இலாகாவிலும் விசாரிக்கலாம்.

கடிதம் கைக்கு வரும் வரை தோட்டத்தில் வேலையை விடுவதாகச் சொல்ல வேண்டாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பு எட்டு வாரம். அத்தனை நாள் புதிய முதலாளி காத்திருப்பாரா என்பதையும் போனில் வேலை சொன்ன மச்சானிடம் இப்போதே கேட்டுவிடலாம்.