சேவலும் புறாவும் சேர்ந்தன. பலாப்பழம் தனியே நின்றது

2024 ஏப்ரல் 19 அன்று திருச்சுழி சட்டமன்றத் தொகுதி வாக்குச்சாவடிகளில், ஒரே பட்டியலில் இரட்டை இலையும் இருந்தது, பலாப்பழமும் இருந்தது. திருச்சுழி ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. அங்கே இரட்டை இலையில் நின்ற அ.தி.மு.க. வேட்பாளரை எதிர்த்து, அதே கட்சியின் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். போதாக்குறைக்கு அதே பெயரில் இன்னும் சிலரும் நின்றார்கள். பக்கத்து அருப்புக்கோட்டை விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. அங்கே கூட்டணியில் இடம் தே.மு.தி.க.வுக்குப் போனதால் முரசுதான் இருந்தது, இரட்டை இலையைத் தேடினாலும் கிடைக்காது.

1977இல் எம்.ஜி.ஆர். நின்று வென்று முதன்முதலாக முதலமைச்சரான தொகுதி அருப்புக்கோட்டை. பந்தல்குடி, பாளையம்பட்டி பக்கத்துப் பெரியவர்களுக்கு அது ஊர்ப் பெருமை. "நாங்க போட்ட ஓட்டு" என்றுதான் இன்றும் பேச்சைத் தொடங்குவார்கள். எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. இரண்டு முறை பெரிதாக உடைந்திருக்கிறது. முதல் உடைப்பு ஓராண்டு கொஞ்சத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதை ஒட்டவைத்தார்கள், பிறகும் விண்டுபோனது. இரண்டிலும் தலைவர்கள் போட்ட சண்டை கிட்டத்தட்ட ஒன்றுதான். தீர்ப்புச் சொன்னது யார் என்பதில்தான் வித்தியாசம்.

அன்று

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். 1988 ஜனவரி 7 அன்று அவர் மனைவி ஜானகி முதல்வரானார், மாதம் முடிவதற்குள் ஆட்சி கலைக்கப்பட்டது. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று கட்சி இரண்டானது. தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. 1989 ஜனவரி 21 தேர்தலுக்கு ஜெயலலிதா அணி சேவலோடு வந்தது, ஜானகி அணி இரட்டைப் புறாவோடு வந்தது.

கரிசல் காட்டு ஊர்களில் அந்தத் தேர்தல் வீட்டுக்குள் புகுந்த தேர்தல். தி.மு.க.காரர் எதிராளி என்பது பழகிப்போன விஷயம். சம்பந்தி வீட்டார் எதிராளி ஆனதுதான் புதுசு. மாமன் சேவல், மச்சான் புறா. நேற்றுவரை சேர்ந்து சுவர் பிடித்துச் சுண்ணாம்பு அடித்து இலை வரைந்தவர்கள், அதே சுவருக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று மல்லுக்கட்டினார்கள். ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு இன்னொருவர் போகாமல் மொய்யை மட்டும் ஆள் மூலம் அனுப்பிய காலம் அது.

முடிவு வந்தது. தி.மு.க. சுமார் 33 விழுக்காடு வாக்கோடு ஆட்சியைப் பிடித்தது. சேவலுக்கு 27 இடம், சுமார் 21 விழுக்காடு. புறாவுக்கு சுமார் 9 விழுக்காடு. ஜெயலலிதா போடியில் வென்றார். ஜானகி, எம்.ஜி.ஆர். கடைசியாக வென்ற ஆண்டிபட்டியிலேயே தோற்றார். அருப்புக்கோட்டையில் தி.மு.க.வின் தங்கபாண்டியன் வென்றார்.

இந்தக் கணக்கை யாரும் மேடை போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் கூட்டிப் பார்த்தாலே போதும், சேர்ந்து நின்றிருந்தால் தி.மு.க.வோடு மல்லுக்கு நிற்கலாம் என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது, தொண்டர்கள் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு ஓட்டுப்பெட்டி பதில் சொல்லிவிட்டது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு என்று ஊரே சொன்ன பிறகு புறாக்காரருக்கு வாதாட எதுவும் மிச்சமில்லை. அதே சமயம் யாரிடமும் மண்டியிட்டதாகவும் ஆகவில்லை. மக்களிடம் தோற்பது கட்சிக்காரனுக்கு அவமானம் இல்லை.

ஜானகி அடுத்த மாதமே அரசியலைவிட்டு ஒதுங்கினார். அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பியது. 1989 மார்ச்சில் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் நடந்த தேர்தல்களில் இலைக்கு இரண்டும் கிடைத்தன. அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் காங்கிரஸ் கூட்டணியோடு தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38. 1991இல் கோட்டை. சேவலும் புறாவும் இருந்த சுவர்களில் மறுபடி பச்சை இலை ஏறியது.

எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்த விருதுநகர் மாவட்டத்துக்காரர் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், ஜெயலலிதா பக்கம் நின்றவர், பிறகு விலகித் தி.மு.க.வுக்குப் போனார். 2016இலும் 2021இலும் அருப்புக்கோட்டையில் உதயசூரியனில் வென்றவர் அவர்தான். போனது தலைகள்தான், கிளைக் கழகம் கலையவில்லை.

இன்று

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரியில் பன்னீர்செல்வம் கட்சித் தலைமையை எதிர்த்து 'தர்மயுத்தம்' தொடங்கினார், எடப்பாடி பழனிசாமி முதல்வரானார், மார்ச்சில் இலை மறுபடி முடங்கியது. அதுவரை அன்றைய கதையே திரும்புவது போலத்தான் இருந்தது.

ஆனால் இந்த முறை ஓட்டுப்பெட்டி குறுக்கே வரவில்லை. ஆட்சிக்கு இன்னும் நான்காண்டு மிச்சம் இருந்தது. ஆகஸ்ட் 21 அன்று அணிகள் இணைந்தன. அன்று மாலையே பன்னீர்செல்வம் துணை முதல்வராகப் பதவியேற்றார், ஆளுநர் இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. செப்டம்பரில் பொதுக்குழு கூடி, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று அதிகாரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தது. நவம்பரில் ஆணையம் இலையைக் கொடுத்தது. எல்லாம் மேலே முடிந்தது. ஒன்றியச் செயலாளர் பதவி எந்த அணிக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் யார் ஆள் என்பதற்குக் கீழே யாரும் பதில் சொல்லவில்லை. பங்கு போட்ட பதவி பங்காளிச் சண்டையைத் தள்ளிப்போடும், தீர்க்காது.

ஆட்சி போன மறு ஆண்டே அது வெடித்தது. 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் பொதுக்குழு பன்னீர்செல்வத்தை நீக்கியது. அதே நேரத்தில் ராயப்பேட்டைத் தலைமைக் கழகத்தில் கல்வீச்சு நடந்தது, வருவாய்த் துறை சீல் வைத்தது. அந்தக் கட்டடம் ஜானகி கட்சிக்குக் கொடுத்த சொத்து. பிறகு வழக்கு, மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம். 2023 மார்ச் 28 அன்று பழனிசாமி பொதுச்செயலாளரானார்.

சட்டப்படி அவர் கை ஓங்கியது. ஆனால் நீதிமன்றம் பார்ப்பது பொதுக்குழுவை முறையாகக் கூட்டினார்களா என்பதை. தொண்டன் யார் பக்கம் என்று அது கேட்பதும் இல்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அதனால் தோற்றவர் தரப்பு "மக்களிடம் நாங்கள் தோற்கவில்லையே" என்று சொல்லிக்கொண்டே இருக்க முடிந்தது. 2024இல் ராமநாதபுரத்தில் பலாப்பழம் மூன்று லட்சத்துக்கு மேல் வாங்கி இரண்டாமிடம் வந்தது, இரட்டை இலை வெகுவாகப் பின்தங்கியது. வென்றதோ தி.மு.க. கூட்டணியின் நவாஸ் கனி. மாநிலம் முழுக்க அ.தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. ஆளுக்கொரு ஆதாரம் கிடைத்ததே தவிரத் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

ஊரிலும் ஒட்டவைக்கிற பசை குறைந்திருக்கிறது. முன்பு பிரிந்தவர்களும் ஒரே டீக்கடையில்தான் பேப்பர் படித்தாக வேண்டும். பந்தல்குடி வழியே நான்குவழிச் சாலை போடாத நாளில் பஸ்ஸுக்கு நிற்கிற இடமும் ஒன்றுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பத்து நாளில் ஒரு சாவு வீடு பேச வைத்துவிடும். இன்று அணிக்கொரு வாட்ஸ்அப் குழு. எதிரணியைத் திட்டும் வீடியோ விடிவதற்குள் வந்துவிடுகிறது, சமாதானம் பேசுகிற பெரியவர் அந்தக் குழுவில் இருப்பதில்லை. கல்யாண ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்பதே ஒரு தகராறு.

எது மாறியது

தீர்ப்பை ஓட்டே சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே அதிபர் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி ஆதரவாளர்களே முதலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். 2008இல் ஒபாமாவும் ஹிலாரியும் மாதக்கணக்கில் கடுமையாக மோதினார்கள். தோற்ற ஹிலாரி, நியூ ஹாம்ப்ஷயரில் 'ஒற்றுமை' என்றே பொருள்படும் பெயர்கொண்ட சிற்றூர் மேடையில் ஒபாமாவுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த ஊரில் இருவருக்கும் தலா 107 வாக்குகள் விழுந்திருந்தன. ஒபாமா வென்றபின் அவரையே வெளியுறவு அமைச்சராக்கினார். ஓட்டு எண்ணி முடிந்ததால் தோற்றவர் கௌரவமாக இறங்கிவர முடிந்தது, வென்றவர் பயமில்லாமல் இடம் கொடுக்க முடிந்தது.

நம் ஊரில் அந்த வேலையை 1989 பொதுத்தேர்தலே செய்துவிட்டது. அதற்கு ஒரு ஆட்சியை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. தோற்று ஒதுங்கிய ஜானகியின் நூற்றாண்டை 2024 நவம்பரில் கட்சியே விழா எடுத்துக் கொண்டாடியது.

இத்தனை விலை கொடுக்காமலே முடிக்க ஒரு வழி கட்சியின் விதிப்புத்தகத்தில் எம்.ஜி.ஆர். காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த விதி. 2022 திருத்தத்துக்குப் பிறகு, போட்டியிட வேண்டுமானால் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். 2023இல் மனுச் செய்தவர் ஒருவர்தான், ஓட்டுக்கு வேலையே வரவில்லை. கிளையில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறவரிடம் ஒருமுறை உண்மையாகவே ஓட்டுக் கேட்டுப் பார்க்கட்டும். வென்றவருக்கு அது நீதிமன்றம் கொடுக்க முடியாத பலம். தோற்றவருக்கு, தலை குனியாமல் வீடு திரும்ப ஒரு வழி. அ.தி.மு.க.வுக்கு மட்டுமல்ல, உட்கட்சித் தேர்தலைச் சடங்காக நடத்தும் எல்லாக் கட்சிக்கும் இது பொருந்தும்.